வாடைச் சுவரில் ஒரு வெள்ளைத் துண்டு

என் முதல் வேலையின் சைட் டைரிக்குள் ஒரு காலண்டர் தாள் துண்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். மூன்று பக்கம் நேராகவும் ஒரு பக்கம் மட்டும் சரிவாகவும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டது. எழுத்தில்லாத வெள்ளைப் பக்கத்தில் நீலப் பேனாவால் ‘இ’ என்று ஒரே ஓர் எழுத்து. திருப்பினால் ஏதோ ஒரு மாதத்தின் நான்கு நாட்கள், அவற்றில் ஒன்று சிவப்பு ஞாயிறு. இரண்டு முறை வீடு மாறியிருக்கிறேன், எத்தனையோ தேவையான காகிதங்களைத் தொலைத்திருக்கிறேன், இது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இதை வெட்டியவர் எங்கள் தெரு டெய்லர் அக்கா. மிச்சம் என்றால் என்ன என்று நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருப்பதற்கு அவர்தான் காரணம்.

எங்கள் ஊர் நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். டெய்லர் அக்காவின் வீடு மாதா கோயிலுக்கு எதிரே, சாலையைப் பார்த்த ஓட்டு வீடு. சாலையிலிருந்து பார்த்தால் அதன் வடக்குச் சுவரும் முழுசாகத் தெரியும். மண்சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர் அது. மேலே பூசியிருந்த சிமெண்ட் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. ஜன்னல் இல்லாத அந்தச் சுவரை ஒட்டித்தான் உள்ளே தையல் மிஷின், மிஷினில்தான் அவர் பிழைப்பு. ஐப்பசி வந்தால் எங்கள் பக்கம் மழை மேலிருந்து விழுவதோடு நிற்காது, வாடைக் காற்றோடு சேர்ந்து வடக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அதனால் வருஷா வருஷம் அக்கா அந்தச் சுவருக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டுவார். முந்தின வருஷம் தட்டியையும் மீறி அடிக்கல் வரிசை ஊறிப்போயிருந்தது. இன்னொரு மழைக்காலம் நேரே வாங்கினால் சுவர் நிற்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தட்டி போதாது, தகர ஷீட் அடிக்க வேண்டும். அடிக்க வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் வந்து சேர்ந்தேன்.

நான் சிவில் டிப்ளமோ முடித்து ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிது. அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் என்னைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் தெருவில் அளவு டேப்போடு நடந்த முதல் பெண் நான்தான். என் அதிர்ஷ்டமா கெட்ட நேரமா தெரியாது, முதல் சைட்டே எங்கள் ஊர் மாதா கோயில் ஹாலாக அமைந்தது. ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. “டேப்பை நேராப் பிடிக்கிறாளா பாரு” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள் என்று அம்மா வந்து சொன்னாள். டெய்லர் அக்கா மட்டும் ஒரு விசித்திரம் செய்தார். என்னைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர், வீட்டுக்குள் எப்போதும் போல “ஏ புள்ள, சாப்பிட்டியா” என்பார். சைட்டில் நாலு பேர் முன்னால் என்றால் “வணக்கங்க, இன்ஜினியரம்மா” என்று கும்பிடுவார். கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். மற்றவர்களும் அதைக் கேட்டு மெல்ல மெல்ல “வாங்க, சொல்லுங்க” என்று மாறிய பிறகுதான் அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்று புரிந்தது.

ஹாலின் வடக்குச் சுவரும் வாடையில் ஊறும் சுவர்தான். அதன் மேல் நீலக் கலர் ஷீட் அடிக்க வேண்டும். சுவர் முப்பத்தைந்து அடி அகலம். இரண்டு ஓரத்திலும் பதினோரு அடி உயரம், நடுவில் கூரை முகட்டுக்கு நேரே பதினெட்டு அடி. ஒரு ஷீட் மூன்றரை அடி மூடும், ஆகப் பத்து ஷீட். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. நான் பத்தையும் பதினெட்டு அடி நீளத்தில் ஒரே அளவாகச் சொல்லிவிட்டேன். சுவரோடு வைத்து மேலே சரிவாக வெட்டிக்கொள்ளலாம், வேலை சுலபம் என்று நினைப்பு. காண்ட்ராக்டர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஓரத்துக்கு வர வர நீளத்தைக் குறைத்துச் சொல்லியிருக்க வேண்டாமா என்று, எல்லோர் முன்னாலும் இல்லை, வேனுக்குப் பின்னால் கூப்பிட்டுத் திட்டினார். கோயில் ஃபாதர்தான் பேச்சை முடித்து வைத்தார். “மிஞ்சறது வீணாப் போகாதுங்க. எதிர் வீட்டு டெய்லரம்மா சுவத்துக்கு அடிச்சுக் குடுத்துடுங்க.”

அன்றிலிருந்து அக்கா தினம் ஒரு தடவை வந்து கேட்பார். “எவ்வளவு மிஞ்சும், சொல்லுங்க?” நான் டைரியைத் திறந்து கணக்குப் போட்டேன். வெட்டி விழப்போகும் பரப்பு நூற்றிருபத்திரண்டரை சதுர அடி. பிறகு அக்கா வீட்டுச் சுவரை அளந்தேன். பதினேழரை அடி அகலம், ஏழடி உயரம். பெருக்கிப் பார்த்தேன். அதுவும் நூற்றிருபத்திரண்டரை. உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு பொருத்தம் தானாக அமையுமா? ராத்திரி சாப்பாட்டின் போது அப்பாவிடம் சொன்னேன். எங்கள் பக்கம் நிலத்தைக் குழிக் கணக்கில்தான் பேசுவார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா. அப்பா விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரு குழிக்குக் கொஞ்சம் கொறைச்சல். இதுக்கு அது சரியாப் போச்சுல்ல” என்றார். போதாதா எனக்கு? மறுநாள் காலையில் அக்காவிடம் போய், “ஓர் அடி கூடாது, ஓர் அடி குறையாதுக்கா. முழுச் சுவரும் மூடிடலாம்” என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். “நல்லாப் பார்த்துட்டியா?” என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். அன்று சாயங்காலமே பழைய கீற்றுத் தட்டியை அவிழ்த்துப் பின்தெரு ஆட்டுக் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டார்.

ஹால் சுவர் வேலை மூன்று நாள். வெல்டர் அண்ணன் ஒவ்வொரு ஷீட்டாக வெட்டி மேலே ஏற்ற, வெட்டி விழுந்ததையெல்லாம் நான் கோயில் முற்றத்தில் வரிசையாக அடுக்கினேன். மூன்றாம் நாள் மத்தியானம் பத்துத் துண்டும் கிடந்தன. ஒன்றுகூட முழுச் சதுரம் இல்லை. ஓரத்து ஷீட்டின் மிச்சம் ஆள் உயரம் இருந்தது, நடுவுக்கு வர வரச் சிறுத்து, முகட்டு ஷீட்டின் மிச்சம் வெறும் முக்கோணமாகக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் சரிவு. நூற்றிருபத்திரண்டரை சதுர அடி அங்கேதான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்கா வீட்டுச் சுவரில் வைக்கிற மாதிரி ஒன்றுகூட அதில் இல்லை.

நிலத்துக்கு வடிவம் கிடையாது. வாய்க்கால் வளைந்து மூலையைத் தின்றாலும், வரப்பு கோணலாகப் போனாலும், ஐம்பது குழி என்றால் ஐம்பது குழிதான். நாற்று எந்த மூலையிலும் நிற்கும், நெல் எந்த மூலையிலும் விளையும். பிறந்ததிலிருந்து குழிக் கணக்கைக் காதில் வாங்கி வளர்ந்த நானும் தகரத்தை வயல் மாதிரி அளந்து தொலைத்திருந்தேன். வேறு ஊரில் பிறந்தவளாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருப்பேனா என்று அப்புறம் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அன்று யோசிக்க நேரமில்லை. துண்டுகளைத் தள்ளித் தள்ளிச் சேர்த்துப் பார்த்தேன். இடப்பக்கத்து மிச்சத்தோடு அதே உயர வலப்பக்கத்து மிச்சத்தை வைத்தால், ஜோடி அழகாகத்தான் இருந்தது, ஆனால் கிரீடம் மாதிரி வந்தது. சுவர் மாதிரி வரவில்லை. வானம் வடக்கே இருண்டுகொண்டிருந்தது. சுற்றிலும் சம்பா நடவு முடிந்து வயல்களில் தண்ணீர் நின்றது, இனி மழை எந்த நாளும் வரலாம். சாலைக்கு எதிரே அக்காவின் சுவர் தட்டியும் இல்லாமல் அம்மணமாக நின்றது.

அவரே வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியபடி துண்டுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன், அதை இன்னும் மறக்கவில்லை. பிறகு குனிந்து ஒரு துண்டின் சரிவில் விரலை ஓட்டினார். வெல்டர் அண்ணன் பக்கத்தில் நின்றதால், “இன்ஜினியரம்மா, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்களேன்” என்றார். வீட்டுக்குள் போனதும் குரல் மாறியது. “ஏ புள்ள, ரெண்டு மீட்டர் துணி இருக்குன்னா ரெண்டு ஜாக்கெட் ஆயிடுமா? வெட்டு விழுந்த துணி எப்படி விழுந்திருக்குன்னு பார்க்க வேணாமா? அது போவட்டும், தையலுக்கு விட்டியா?” எனக்குப் புரியவில்லை. “ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும்ல. ஒட்டு எடத்துல தண்ணி உள்ள போவாது?” என்றார். விடவில்லை. ஒட்டுக்கு ஓர் அங்குலம்கூட என் கணக்கில் இல்லை.

நான் அழுதுவிட்டேன். அக்கா அதைக் கவனிக்காதவர் மாதிரி சுவரிலிருந்து பழைய மாதக் காலண்டரை எடுத்தார். அளவைச் சொல் என்றார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்து நான் டைரியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் பத்துத் துண்டும் வெட்டினார். வெள்ளைப் பக்கத்தை நீலம் என்று வைத்துக்கொண்டோம். இடப்பக்கத்துத் துண்டுகளில் ‘இ’, வலப்பக்கத்தில் ‘வ’ என்று எழுதினார். ஜாக்கெட்டின் இரண்டு முன்பக்கத்தையும் இப்படிக் குறிக்காமல் வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக்கு விழுந்துவிடும், கற்றுக்கொண்ட காலத்தில் அப்படி எத்தனை துணி போனது என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு நான் செய்ததற்கு நேர்மாறாக ஒன்று செய்தார். இடத்தோடு வலத்தைச் சேர்க்கவில்லை. ஒரு ‘இ’யை எடுத்து நேராக வைத்து, இன்னொரு ‘இ’யைத் தலைகீழாகச் சுற்றி அதன் கீழே வைத்தார். இரண்டு சரிவும் ஒன்றோடொன்று படிந்தன. பெரியதோடு மிகச் சிறிய முக்கோணம், அடுத்ததோடு அதற்கடுத்த சிறியது. இரண்டு ஜோடியையும் அளந்தேன். இரண்டும் ஏழு அங்குலம். அப்படியென்றால் சுவரில் ஏழடி! ‘வ’ துண்டுகளிலும் அதே போல் இரண்டு ஏழு. தகரத்தில் ஒட்டுக்கு மூன்று அங்குலம் விட்டு உயரம் அவ்வளவு குறைந்தாலும், மேலே ஓட்டுத் தாழ்வாரம் மறைத்துக்கொள்ளும். நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி திரும்பத் திரும்ப அவற்றைக் கலைத்துச் சேர்த்துப் பார்த்தோம். எப்படி எல்லாம் ஏழாகவே வருகிறது? இதை எனக்குக் கல்லூரியில் யாரும் காட்டவில்லை. அக்காவுக்கும் யாரும் காட்டியிருக்கவில்லை.

நான்கு பட்டை ஆயிற்று. சுவருக்கு ஐந்து வேண்டும். மிச்சமிருந்தவை நடுத்தர உயரத்தில் ஒரு ‘இ’, ஒரு ‘வ’. எப்படிச் சுற்றினாலும் அவை சேரவில்லை. இரண்டும் ஒரே கையாக இருந்தால் அதுவும் ஏழு. ஒன்று இடக்கை, ஒன்று வலக்கை. அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘வ’வை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார். சரிவு கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் மேலே இப்போது காலண்டர் தேதிகள் தெரிந்தன. ஷீட்டுக்கு நீலம் ஒரு பக்கம்தான், பின்பக்கம் வெளுப்பு. “உள்பக்கம் வெளிய வந்துடும்க்கா” என்றேன். “வரட்டும். மழைக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியுமா?” என்றார். சொல்லிவிட்டு அந்த ‘இ’ தாளை என் டைரிக்குள் வைத்து மூடினார்.

கோயில் முற்றத்துக்குப் போய் வெல்டர் அண்ணனிடம் மார்க்கர் வாங்கி, ஒவ்வொரு தகரத்தின் நீலப் பக்கத்திலும் அதே போல் இ, வ என்று அக்காவே எழுதினார். கவிழ்த்துப் போட்டால் மேடு பள்ளமாகிவிடும், அடுத்த ஷீட்டோடு உட்காராது என்று வெல்டர் அண்ணன் முரண்டு பிடித்தார். கடைசி ஓரத்தில், தாழ்வாரத்துக்குக் கீழே போடுங்கள், இடுக்கில் சைக்கிள் டியூப் நறுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அதற்கும் அக்காவே வழி சொன்னார். மறுநாள் மாலை முழுச் சுவரையும் மூடியாயிற்று. அதற்கு அடுத்த நாள் விடியலில் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் நான் போய் உள்பக்கச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே முடித்திருந்தால் இது எங்கள் இருவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிய கதை. ஆனால் சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீலச் சுவரின் மேல்மூலையில் கோணலாக ஒரு வெள்ளைத் துண்டுதான். துணியை உள்வெளி மாற்றித் தைத்த மாதிரி டெய்லர் வீட்டிலேயே ஒரு சுவர் என்றால் ஊர் சும்மா இருக்குமா? தை மாதத்தில் ஒருநாள் நான் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “என்னக்கா, அந்த இன்ஜினியர் பொண்ணு அளந்து குடுத்த லட்சணமா இது?” அக்காவின் பதிலும் கேட்டது. “அது கரெக்டாத்தாங்க அளந்து குடுத்துச்சு. நான்தான் அவசரத்துல இடம் வலம் மாத்திக் குடுத்துட்டேன்.” அந்தப் பெண் சிரித்தாள். தன் மகளின் கல்யாண ஜாக்கெட் துணியைத் தைக்கக் கொடுக்க வந்தவள், அதைப் பையிலிருந்து எடுக்காமலே எழுந்து போனாள். நன்னிலத்தில் கொடுத்துத் தைத்தாள் என்று பிறகு தெரிந்தது. ஒரு டெய்லர் தனக்கு இடம் வலம் தெரியாமல் போனது என்று வாயால் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். அடுத்த சைட் நீடாமங்கலத்தில் எனக்குத் தருவதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். ஊர்ப்பேச்சு அவர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல நினைத்துச் சொல்லாமலே விட்டேன். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எத்தனையோ சுவர்களுக்குக் கணக்குப் போட்டேன், பேர் வாங்கினேன். “மேடம், மிச்சம் எவ்வளவு தேறும்?” என்று யாராவது கேட்டால், “எந்த வடிவத்துல?” என்று திருப்பிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. ஏன் என்று யாருக்கும் விளக்கியதில்லை. போன வருஷம் டெய்லர் அக்கா காலமானார். நான் வெளியூரில் இருந்தேன், எடுத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

சென்ற மாதம் அவருடைய மகன் கூப்பிட்டான். சின்னப் பையனாகப் பார்த்தவன், இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பழைய வீட்டைப் பிரித்துத் தளம் போட்ட வீடு கட்டுகிறானாம். “சித்தி, வடக்குச் சுவர் ஷீட்டெல்லாம் கழட்டி வச்சிருக்கேன். பின்னாடி பாத்ரூமுக்கு மறைப்பு அடிக்கலாம்னு பார்க்கிறேன். எவ்வளவு தேறும்னு வந்து பார்த்துச் சொல்லுங்களேன்.” டைரியையும் எடுத்துக்கொண்டு போனேன். மிஷின் இருந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. தகரத் துண்டுகள் வெயிலில் நீலம் வெளிறிக் கிடந்தன. மார்க்கரில் எழுதியிருந்த எழுத்துகள் மழையில் எப்போதோ அழிந்துபோயிருந்தன. வெள்ளை முதுகு காட்டியபடி ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது. அவன் அதைக் காலால் தட்டிச் சிரித்தான். “இத ஞாபகம் இருக்கா சித்தி? அம்மா அவ்ளோ பெரிய டெய்லரு, இது ஒண்ணுல மட்டும் இடம் வலம் மாத்திப்புட்டாங்க. கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க.”

பெற்ற பிள்ளையிடம்கூட அவர் சொல்லவில்லை.

நான் குனிந்து அந்தத் தகரத்தைத் திருப்பினேன். இத்தனை வருஷமும் சுவரைப் பார்த்தே இருந்த பக்கம். வெயில் படவில்லை, மழை படவில்லை. நீலம் அன்று இறக்கியபடியே இருந்தது. அதன் நடுவில் கறுப்பு மார்க்கரில், தையல்காரரின் உறுதியான கையெழுத்தில், ‘வ’. டைரியைத் திறந்து காலண்டர் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான், கணக்கு வாத்தியார் ஆயிற்றே, அவனுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இது வலதுன்னு தெரிஞ்சேதான் திருப்பிப் போட்டாங்க” என்றேன். “கணக்குல தப்பினது உங்கம்மா இல்லப்பா. நான்.”